கண்டியிலிருந்து எட்டும் இரண்டு கோல்ஃப் களங்கள்: யாருக்கு எது பிடிக்கிறது?

கோல்ஃப் ஆடும் இருவர் முதன்முறை சந்தித்தால், பெயரும் ஊரும் விசாரித்த கையோடு வருகிற கேள்வி ஒன்று உண்டு: இதுவரை ஆடிய களங்களில் எது உங்களுக்குப் பிடித்தது? கிரிக்கெட் ஆடுபவரிடம் இதை யாரும் இத்தனை ஆவலோடு கேட்பதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நடுவில் 22 யார் ஆடுதளம், சுற்றிலும் எல்லைக்கோடு. டென்னிஸும் கூடைப்பந்தும் அளவுநாடாவுக்குக் கட்டுப்பட்டவை. கோல்ஃபில் குழியின் வாய் நாலேகால் அங்குலம் என்பது உலகம் முழுக்க ஒன்று. முழுச் சுற்றுக்கு 18 குழிகள் என்பதும் வழக்கமாகிவிட்டது. மற்றபடி நீளம், அகலம், மேடு, பள்ளம், மரம், நீர், காற்று எல்லாமே அந்தந்த நிலத்தைப் பொறுத்தவை. அதனால்தான் இந்த விளையாட்டில் மட்டும் களமே ஓர் எதிராளியாகவும் ஒரு நண்பனாகவும் நினைவில் தங்குகிறது.

கண்டியில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நாட்டின் மிகச் சிறந்த களமென்று வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் சொல்வது, கண்டி நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய திகன, ராஜவெல்லயில் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய மலைநாட்டுக் களம், கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக ஏறினால் வருகிற நுவரெலியாவில் இருக்கிறது. ஒன்று 1999இல் திறக்கப்பட்டது. மற்றது 1889இல். நூற்றுப் பத்து ஆண்டு இடைவெளியுள்ள இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்டக்காரருக்கு ஒரு களம் ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கு நல்ல விடைகள் கிடைக்கின்றன. அந்த விடைகளில் இதுவரை யாருடைய குரல் சேரவில்லை என்பதும் தெரியவருகிறது.

முதலில், உலகம் இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடியிருக்கிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் கோல்ஃப் டைஜெஸ்ட் இதழ் 1966இல் தன் நாட்டின் மிகக் கடினமான களங்களைப் பட்டியலிட்டது. கடினமே சிறப்பு என்ற எண்ணம் அன்று ஓங்கியிருந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் நோக்கம் மாறி, மிகச் சிறந்த களங்களின் பட்டியலாக வளர்ந்தது. இன்று மதிப்பிடுவோர் பார்ப்பவை பல: அடிக்கும் வழிகளில் எத்தனை தெரிவுகள் இருக்கின்றன, குழிக்குக் குழி வேறுபாடு உண்டா, காட்சி எப்படி, புல் எப்படிப் பராமரிக்கப்படுகிறது, களத்துக்கென்று ஒரு குணம் இருக்கிறதா. ஆடுவது இன்பமாக இருக்கிறதா என்பதும் பிற்காலத்தில் ஓர் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது. அது இவ்வளவு தாமதமாக வந்தது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. களம் அமைப்பவரான டொம் டோக் தனியொருவராக நாடு நாடாகச் சுற்றி, பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளியிட்டுப் புத்தகம் போட்டார். அவருடைய தீர்ப்புகள் பலரைக் கோபப்படுத்தின. ஆனாலும் ஒரு மனிதர் தன் விருப்பை மறைக்காமல் சொன்னார் என்பதால் அந்த நூலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மதிப்பிடுபவர் பெரும்பாலும் ஒருமுறை வருகிறார், ஒரு நாள் வானிலையில் ஆடுகிறார், போய்விடுகிறார். ஒருமுறை பார்த்ததை வைத்துச் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதற்குப் பொபி ஜோன்ஸைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1921இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அண்ட்ரூஸ் பழைய களத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடவந்த பத்தொன்பது வயது ஜோன்ஸ், மூன்றாவது சுற்றில் 11ஆவது குழியின் மணற்குழியில் அகப்பட்டுத் திணறி, ஆட்டத்தைக் கைவிட்டு வெளியேறினார். அந்தக் களம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அதே களத்தில் அதே பட்டத்தை வென்றார். 1958இல் அந்த நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தபோது, நோயால் நடக்கவே சிரமப்பட்ட நிலையில் அவர் ஆற்றிய உரையில், தன் வாழ்வின் மற்ற அனுபவங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் சென்ற் அண்ட்ரூஸ் தந்தவை போதும் என்ற கருத்தைச் சொன்னார். களம் மாறவில்லை. அதை வாசிக்க அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

களம் அமைப்போரின் கருத்துத் தனி. அலிஸ்டர் மக்கன்சி மருத்துவராக இருந்து இராணுவத்தில் உருமறைப்புக் கலையைக் கற்றவர். பிறகு களம் அமைக்க வந்தார். கலிபோர்னியாவின் சைப்பிரஸ் பொயின்ற், ஜோன்ஸோடு சேர்ந்து அமைத்த ஒகஸ்டா நஷனல் இரண்டும் அவர் கைவண்ணம். 1920இல் வெளிவந்த அவருடைய சிறு நூலில் களத்துக்கான இலக்கணங்களை வரிசைப்படுத்தினார். செயற்கையாகச் செய்தவையும் இயற்கை போலவே தோன்ற வேண்டும், பந்தைத் தேடி அலையும் எரிச்சல் இருக்கக்கூடாது, திறமை குறைந்தவரும் மகிழ்ச்சியோடு ஆட வேண்டும் என்பவை அவற்றுள் சில. வல்லவனுக்கு மட்டும் பிடிக்கிற களத்தை அவர் நல்ல களமாக ஏற்கவில்லை. இந்த வரிசையில் வந்தவர்தான் ராஜவெல்ல களத்தை அமைத்த ஆங்கிலேயரான டொனால்ட் ஸ்டீல். லண்டன் சண்டே டெலிகிராஃப் இதழில் நெடுங்காலம் கோல்ஃப் பற்றி எழுதியவர். சென்ற் அண்ட்ரூஸிலேயே 1993இல் திறந்த ஸ்ட்ரதைரம் களம் அவர் வரைந்தது. மண்ணைக் கொத்திப் புரட்டாமல், இருக்கிற மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஸ்டீலுக்குக் கிடைத்த நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தக் களம் புரியும். கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போகும்போது குண்டசாலை வருகிறது. நரேந்திரசிங்க மன்னர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர். அடுத்துப் பல்லேகலை, பிறகு திகன. இது தும்பறைப் பள்ளத்தாக்கு. கோப்பியின் காலத்தில் கோப்பி, 1869இல் இலைநோய் தொடங்கி அதை அழித்த பிறகு கொக்கோ, புகையிலை, தென்னை என்று மாறிமாறிப் பயிரான மண். வடக்கிலும் கிழக்கிலும் நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. ஈரமான கண்டிக்கும் வரண்ட மகியங்கனைக்கும் இடைப்பட்ட வலயம் இது. நகரில் அடைமழை பெய்யும்போது திகனயில் வெயில் அடிப்பதைக் கண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி இன்று நீருக்குள் இருக்கிறது. மகாவலித் திட்டத்தின்கீழ் பிரிட்டனின் உதவியோடு கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயரமானது. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சரும் ஜே. ஆர். ஜயவர்தனவும் அதைத் திறந்துவைத்தார்கள். மூன்று இயந்திரங்கள் சேர்ந்து 210 மெகாவாட் மின்சாரம் தருகின்றன. பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் வயல்களும் மூழ்கின. பல ஆயிரம் குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. கடும் வரட்சி ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் சிதைந்த சுவர்கள் வெளியே தெரியும், ஊர்க்காரர்கள் போய்த் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடுவார்கள். அந்த நீர்த்தேக்கம் இல்லாவிட்டால் ராஜவெல்லயில் இன்றிருக்கும் கோல்ஃப் களம் இல்லை. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலமுனை என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வியக்கும் அந்த அமைப்பு, அணை கட்டிய பிறகு பிறந்தது. களத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

களத்துக்குள் வருவோம். 500 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. 7,000 யாருக்குச் சற்றுக் குறைந்த நீளம், பார் (ஒரு சுற்றுக்கான நியம அடிகள்) 73. பழைய தோட்டத்துத் தென்னைகள் பலவற்றை ஸ்டீல் வெட்டவில்லை. அடிக்கும் இடத்துக்கும் குழிக்கும் நடுவிலான புல்வழியாகிய ஃபெயார்வேயின் ஓரத்திலும் சில இடங்களில் நடுவிலும் அவை நிற்கின்றன. தென்னை ஆட்டக்காரருக்கு விசித்திரமான தடை. கீழே கிளை இல்லாததால், மரத்துக்குப் பின்னால் பந்து விழுந்தாலும் குனிந்து அடித்து வெளியேறலாம். ஆனால் ஓலைக் கொண்டைக்குள் பந்து போனால் அது கீழே வரும் என்ற உத்தரவாதம் இல்லை. பாறைகளும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. சில குழிகளில் முதல் அடி அடிக்கும் இடத்தில் நின்றால் கீழே பச்சைச் சரிவு, அப்பால் நீலநீர், அதற்கப்பால் ஹுன்னஸ்கிரிய மலைமுகடு. காலையில் காற்று ஓய்ந்திருக்கும். பகல் ஏற ஏற நீர்ப்பரப்பிலிருந்து காற்று கிளம்பி, காலையில் 7ஆம் எண் மட்டையால் எட்டிய இடத்துக்கு 5ஆம் எண் மட்டை கேட்கும்.

இந்தக் களத்தில் முதன்முறை ஆடுபவரை ஏமாற்றுவது பெரும்பாலும் குழியைச் சுற்றிய குறும்புல் தளமான கிரீன்தான். மலைச்சுவர் பக்கத்தில் இருக்கும் எந்தக் களத்திலும் கண் தடுமாறும். பின்னணியில் மலை மேலேறிப் போவதால், அதை நோக்கி ஏறும் தரை சமதரையாகத் தெரியும், சமதரை மலைப்பக்கம் இறங்குவதாகத் தெரியும். பன்னிரண்டு அடி தூரத்தில் பந்தை வைத்துக்கொண்டு, இடதுபக்கம் ஏற்றம் என்று தீர்மானித்து நின்ற ஒருவரிடம் அவருக்குப் பை சுமந்த கெடி சொன்னதை அருகில் நின்று கேட்டிருக்கிறேன்: “சேர், கண்ண நம்பாதீங்க. மலைய பாத்தா ஏத்தம் மாதிரிதான் இருக்கும். பந்து தண்ணிப் பக்கம்தான் ஓடும்.” சொல்லிவிட்டு, குழிக்கு வலப்புறம் ஒரு காய்ந்த புல்லைக் கம்பின் நுனியால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தைக் குறிவைத்துத் தட்டியதும் பந்து முதலில் நேராகப் போனது, கடைசி மூன்றடியில் வளைந்து குழிக்குள் விழுந்தது. அந்த விருந்தாளி ஊருக்குப் போய்த் தனக்குப் பிடித்த களங்களில் ராஜவெல்லயைச் சேர்த்துச் சொல்லியிருப்பார். அந்தப் பிடித்தலில் பாதி, கம்பின் நுனியால் தொட்டுக் காட்டியவரின் அறிவு.

ராஜவெல்லயைப் பற்றி ஒரு கேள்வி வருவதுண்டு: வரண்ட மாதங்களில் இத்தனை புல்லுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, ஊர்க்காரரின் கிணறு வற்றும்போது இது தகுமா? எல்லா நாடுகளிலும் கோல்ஃப் களங்கள் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கேட்பதில் பிழையில்லை. ஃபெயார்வேயைத் தவிர்ந்த நிலத்தைத் தென்னைக்கும் இயற்கைப் புல்லுக்கும் விட்டுவிடுவது நீரைச் சேமிக்கும் வழிகளில் முதன்மையானது. ஸ்டீலின் வரைபடத்தில் அதற்கு இடம் இருக்கிறது. காட்டுப்பன்றியும் மயிலும் உடும்பும் அந்த நிலத்தில் உலவுவதற்கும் அதுவே காரணம். பளபளவென்று ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் ஒகஸ்டாவைப் பார்த்துப் பழகிய ஆட்டக்காரர்கள் எதிர்பார்ப்பதுதான் ஆபத்து. பங்குனி மாதத்தில் பழுப்பேறிய ஃபெயார்வேயில் பந்து கூடுதலாக உருளும். அதற்கேற்ப ஆடத் தெரிந்தவர் அதையும் ரசிப்பார்.

நுவரெலியாக் களத்தின் கதை முற்றிலும் வேறு. 1889இல் ஸ்கொட்லாந்துப் படையினர் தொடங்கிவைத்தது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், நகரின் நடுவிலேயே கிடக்கிறது. கிராண்ட் ஹோட்டலின் முன்னால் நின்றால் ஆடுபவர்கள் தெரிவார்கள். நீளம் 5,500 யார் அளவுதான். இன்றைய தொழில்முறைக் களங்களோடு ஒப்பிட்டால் சிறுபிள்ளை. ஆனால் இருபக்கமும் பைன், சைப்பிரஸ், யூக்கலிப்டஸ் மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஸ்கொட்லாந்தின் கடற்கரைக் களங்களில் ஆட்டக்காரரைக் குத்தும் கோர்ஸ் என்ற மஞ்சள்பூ முட்புதரை வெள்ளையர் இந்த மலைக்கும் கொண்டுவந்தார்கள். அது நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் களையாகப் பரவி இன்றும் தொல்லை தருகிறது. தங்கள் ஊர்க் களத்தை நினைத்துக்கொண்டு ஏங்கியவர்கள் அமைத்த இடம் இது என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

இங்கே பலம் பெரிதாக உதவாது. மலையேறினால் காற்று மெலியும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்து கூடுதலாகப் பறக்க வேண்டும். ஆனால் குளிர் அதைப் பிடித்திழுக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, குளிர்ந்த பந்து துள்ளல் குறைந்தது. போதாததற்கு மூடுபனி இறங்கிப் புல் நனைந்தால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், உருளாது. காலை எட்டு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இதே களம் இரண்டு களம். கொழும்பிலிருந்து ஏப்ரல் வசந்தகாலத்தில் வருபவர்கள் தங்கள் ஊர்க் கணக்கை வைத்து அடித்துவிட்டு, பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போவதைப் பார்த்து நிற்பது வழக்கமான காட்சி. பந்து தேடும் எரிச்சல் இருக்கக்கூடாது என்ற மக்கன்சியின் விதி இங்கே ஒவ்வொரு குழியிலும் மீறப்படுகிறது. அப்படியிருந்தும் இதை விரும்புகிறவர்கள் பிடிவாதமாக விரும்புகிறார்கள். நீளமாக அடிக்க முடியாத வயதிலும் மூளையை வைத்து இங்கே நல்ல கணக்கோடு திரும்பலாம் என்பது முக்கியமான காரணம்.

களத்தை ஒட்டி ஒரு பழைய மயானம் இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் அரச அதிகாரியாக இருந்தவர். 1,400 யானைகளைச் சுட்டுக்கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது என்பது மலைநாட்டில் பலரும் சொல்லும் செய்தி. கோல்ஃப் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த உயர்வெளிகளில் யானைகள் திரிந்தன. யானை போன பிறகு கோப்பி வந்தது, கோப்பி போன பிறகு தேயிலை. அதைப் பறிக்கவும் பாதை வெட்டவும் தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று இந்த மலையின் பெரும்பகுதி மக்கள். களத்தில் பை சுமப்பவர்கள், புல் வெட்டுபவர்கள், கிரீனை உருட்டிச் சமப்படுத்துபவர்களில் அந்த மக்களின் பிள்ளைகள் நிறையப் பேர்.

இவ்விரண்டையும் ஆடியவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டால், விடை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியதாக இருக்கிறது. ஒருமுறை வந்துபோகிறவர் ராஜவெல்ல என்பார். அடிக்கடி ஆடுகிறவர்களில் கணிசமானவர்கள் சற்று யோசித்து நுவரெலியா என்பார்கள். ராஜவெல்ல முதல் பார்வையிலேயே தன் அழகை எல்லாம் கொட்டிக் கொடுத்துவிடுகிறது. நுவரெலியா கையில் எதையும் சுலபமாகத் தருவதில்லை. என் தீர்ப்பைக் கேட்டால், களத்தின் அமைப்பில் ராஜவெல்லதான் மேல். ஒவ்வொரு குழியும் தனித்தனியாக நினைவில் நிற்பது சிறந்த களத்தின் அடையாளம் என்று நம்புகிறேன். ஆடி முடித்த இரவில் கண்ணை மூடினால் முதல் குழியிலிருந்து பதினெட்டாவது வரை ஒழுங்காகச் சொல்ல முடிகிற களம் இலங்கையில் எனக்கு அது ஒன்றுதான். நுவரெலியாவில் நடுப்பகுதிக் குழிகள் மரங்களுக்கிடையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

நாட்டின் மற்றக் களங்களையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கொழும்பு றோயல் கழகம் 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கியது, 1896இல் பொரளையில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது, 1928இல் றோயல் பட்டம் பெற்றது. களனிவெளி ரயில்பாதை களத்தை ஊடறுத்துப் போகிறது. ரயிலுக்கே முதலுரிமை, ஆட்டம் நிற்க வேண்டும். தட்டையான நிலம்தான், ஆனாலும் அந்த ரயிலுக்காகவே அதைப் பிடித்த களமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாந்தோட்டையில் 2016இல் திறந்த களத்தை ரொட்னி ரைட் வரைந்தார். பழைய நீலக்கல் அகழ்விடம், தென்னந்தோப்பு, கடற்கரை மணல்மேடு என்று நிலம் மூன்று முகம் காட்டுகிறது. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை பராமரிக்கும் களம் இருக்கிறது. கடற்காற்றை விரும்புகிறவர்களுக்கு அது நல்ல இடம்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே கேள்விக்கு மலைக் களங்களே பெரும்பாலும் விடையாகின்றன. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கழகத்தில் காட்டுமாடுகள் ஃபெயார்வேயில் மேய்கின்றன. அவை நகரும்வரை ஆட்டக்காரர் காத்திருக்கிறார். ஊட்டி ஜிம்கானாவின் களம் வென்லொக் புல்வெளியில் ஏறி இறங்குகிறது. சென்னையில் ஜிம்கானா கழகத்தின் களம் கிண்டிக் குதிரைப்பந்தய மைதானத்துக்குள்ளேயே அமைந்தது. 2024இல் தமிழ்நாடு அரசு பந்தயக் கழகத்தின் குத்தகையை இரத்துசெய்து நிலத்தைக் கையகப்படுத்த முனைந்தபோது, ஒரு பெருநகரின் நடுவில் இத்தனை பெரிய வெளி யாருக்கு உரியது என்ற விவாதம் நீதிமன்றம்வரை போனது. பூங்காவும் மழைநீர்க் குளமும் வேண்டும் என்பது ஒரு தரப்பு, நூற்றாண்டுப் பழக்கம் என்பது இன்னொரு தரப்பு. கோல்ஃப்பை நேசிக்கிறவர்கள் இந்த விவாதத்தைப் பகையாக எடுத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

யாரைக் கேட்கிறோம் என்பதற்கு இப்போது வருகிறேன். எந்தக் களம் பிடித்தது என்ற கேள்வி பணம் கட்டி ஆடுகிறவரிடமே கேட்கப்படுகிறது. ஒரு களத்தை ஆயிரக்கணக்கான முறை நடந்து, எந்த மழைக்கு எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தக் கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளரும், எந்த மாதம் காற்று எப்போது திரும்பும் என்று அறிந்தவர்கள் கெடிகளும் தோட்ட வேலையாட்களும். அவர்களுடைய விருப்பத்தை எந்தப் பட்டியலும் கேட்டதில்லை. ஆனால் அந்த அறிவு ஆட்டமாக மாறியபோதெல்லாம் கோல்ஃபின் வரலாறு திரும்பியிருக்கிறது. 1913இல் அமெரிக்க ஓப்பனை வென்ற பிரான்சிஸ் உய்மெற், பட்டம் நடந்த ப்ருக்லைன் களத்துக்கு எதிரே, வீதிக்கு மறுபக்கத்தில் குடியிருந்தவர், சிறுவனாக அங்கேயே பை சுமந்தவர். ஹரி வார்டன், டெட் ரே என்ற இரு பெரும் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களை அவர் வென்றது 17ஆவது குழியில் உறுதியானது. அது அவருடைய வீட்டுக்கு நேரெதிரே இருந்த குழி.

இந்தியாவில் கல்கத்தா றோயல் களத்தின் பராமரிப்பாளர் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா 2008இல் ஐரோப்பியச் சுற்றின் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கெடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார். இலங்கையில் அனுர ரோகண 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் கோல்ஃபில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நந்தசேன பெரேராவும் அவருக்குப் பின் மகன் மிதுன் பெரேராவும் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்கள். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றின் வெற்றியாளர் பட்டியலில் இருக்கின்றன. இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் கெடிகளாக இருந்து வந்தவர்கள் என்பதை இந்த விளையாட்டைப் பின்தொடர்கிறவர்கள் அறிவார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் இவர்களைப் பற்றி வரும் வரிகள் கிரிக்கெட் பயிற்சி ஆட்டத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மௌனம் எனக்கு வேதனை தருகிறது. இலங்கை ஆட்டக்காரர்கள் இந்தியக் களங்களில் வென்று வருகிறார்கள் என்பதை நம் பாடசாலை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சென்ற் அண்ட்ரூஸுக்கு மீண்டும் போவது இங்கே அவசியமாகிறது. உலகின் ஆட்டக்காரர்கள் ஏங்கும் அந்தப் பழைய களம் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. நகரத்துக்குச் சொந்தமான பொதுவெளி. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு 18ஆவது ஃபெயார்வேயில் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஆட விரும்பும் வெளியூர் ஆட்டக்காரர்களும் சீட்டுக் குலுக்கலில் பெயர் போடலாம். உள்ளூர் வாசிகளுக்கு வெளியூராரைவிட மிகக் குறைந்த கட்டணம். உலகத்துக்கே பிடித்த களம் அந்த ஊருக்கும் பிடித்த களமாக இருப்பதற்கு இந்த ஏற்பாட்டில் பெரும் பங்கு உண்டு.

கண்டியில் பிறந்து வளர்ந்த எத்தனை பேர் ராஜவெல்ல களத்தின் புல்லில் கால் வைத்திருக்கிறார்கள்? திகனச் சந்தியில் பேருந்துக்கு நிற்கும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு வேலி, ஒரு வாயிற்காவலர், உள்ளே போகும் வாகனங்கள். தனியார் முதலீட்டில் உருவான இடத்தைப் பொதுவெளியாக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பல நாடுகளின் கழகங்களில் திங்கட்கிழமை கெடிகள் ஆடும் நாள். அதைப் போன்ற ஒரு நாளை ராஜவெல்லயிலும் நுவரெலியாவிலும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திறந்துவிடலாம். பந்து அடிக்கும் பயிற்சித்திடலில் வாரம் ஒரு மாலைப்பொழுது, பழைய மட்டைகள் ஒரு தொகுதி, சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த கெடி, இவை இருந்தால் தொடங்கலாம். குண்டசாலை, தெல்தெனிய பகுதிகளின் பாடசாலைகளும் நுவரெலியாவின் தோட்டப் பாடசாலைகளும் ஒவ்வொன்றும் பத்துப் பிள்ளைகளை அனுப்பினாலே போதும்.

அத்தோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு களங்களிலும் நீண்டகாலம் வேலை செய்த மூத்தவர்களிடம் உட்கார்ந்து, குழி குழியாக அவர்கள் அறிந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்க வேண்டும்: பழைய தென்னைகளில் எவை எப்போது விழுந்தன, மூழ்கிய தெல்தெனிய வீதி எந்தத் திசையில் போனது, 1980களுக்கு முன் அந்த மேட்டில் என்ன பயிர் நின்றது, நுவரெலியாவில் எந்தக் கிரீன் எங்கிருந்து மாற்றப்பட்டது. களம் பற்றிய கையேடுகளில் நீள அளவும் மணற்குழியும் மட்டும் இருக்கின்றன. அவர்களிடம் அந்தப் பழைய கேள்வியையும் கேட்க வேண்டும்: இத்தனை ஆண்டுகள் நடந்ததில் எந்தக் குழி உங்களுக்குப் பிடித்தது, ஏன்? அவர்கள் சொல்லும் விடை ராஜவெல்லதான் மேல் என்ற என் தீர்ப்பை மாற்றிவிடக்கூடும். மாற்றினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.